தெய்வானை வீட்டுச் சுவர் ஓட்டை

மார்கழி 2, திங்கள்

பேத்தி ஷர்மிளாவுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். நம் வீட்டுப் பின்பக்கம் மார்கழி முழுக்க என்னென்ன பறவை வருகிறது, எத்தனை வருகிறது என்று எழுத வேண்டும். அவளோ கோயமுத்தூர் விடுதியில் இருக்கிறாள். "நீதான் பொழுதன்னைக்கும் அங்கயே உக்காந்திருக்கியே அப்பாயி, நீயே எழுதிரு" என்று இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் படித்தது கண்டியில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாவது வரைக்கும். நான் செய்யாத தப்புக்கு வாத்தியார் என் கையில் பிரம்பால் அடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. எழுத்து கோணும். ஞாபகம் கோணாது.

"பறவைய மட்டும் எழுது. வேற எதையும் எழுதி வச்சுராத" என்றாள். பார்ப்போம்.

இன்றைக்கு வந்தது: கொண்டைக்குருவி ஆறு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட பச்சைக்குருவி ஒரு கூட்டம். பேர் தெரியாது, கண்ணாடிக்காரர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வாலாட்டி ஒன்று. மைனா இரண்டு. சிட்டு மூன்று.

சிட்டு இன்னும் நிறைய உண்டு. ஆனால் அதுகள் குடியிருப்பது பக்கத்து வீட்டுச் சுவர் ஓட்டையில். எங்கள் காலனியில் எல்லா வீட்டிலும் கூரைக்குக் கீழே புகை போக ஒரு ஓட்டை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் வீட்டு ஓட்டையில் கம்பிவலை போட்டிருக்கிறேன். அந்த வீட்டில் போடவில்லை. அது தெய்வானை வீடு. அவள் சுவரில் இருப்பது என் நோட்டில் ஏறாது.

தெய்வானை என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. இரண்டு ஆம்பளையும் போய்ச் சேர்ந்தாச்சு. நடுவில் ஒரு தகர வேலி. நாற்பத்தொன்பது வருஷமாக நாங்கள் சண்டை போடுவோம், பேச மாட்டோம்.

மார்கழி 3, செவ்வாய்

கொண்டைக்குருவி நான்கு. கண்ணாடிக்காரர்கள் வந்தார்கள், எண்ண விடவில்லை. சிட்டு மூன்று.

பூனையைப் பற்றி எழுதினால் ஷர்மிளா திட்டுவாள். ஆனாலும் அவனால்தான் குருவி தரையில் இறங்குவதில்லை, அதனால் எழுதலாம். பேர் துரை. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை காலையில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், எல்லாம் தப்பாக இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே. இவனும் அதே நடைதான். ராத்திரி என் கால்மாட்டில் படுப்பான்.

எல்லா வீட்டிலும் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்கிறார்கள், நீ ஏன் வைப்பதில்லை என்று ஷர்மிளா போன தடவையே கேட்டாள். கரி வாசம் எனக்கு ஆகாது என்றேன். இரண்டு ஸ்வெட்டரும் துரையும் போதும்.

மார்கழி 6, வெள்ளி

உறைபனி ஆரம்பம். புல் வெள்ளை. வாலாட்டி மட்டும் குளிரே இல்லாத மாதிரி ஆட்டிக்கொண்டு திரிகிறது.

தெய்வானை வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். அவள் மகள் வயிற்றுப் பேத்தி மேகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். தாயில்லாப் பெண், அதனால் பிரசவத்துக்கு இங்கே. எனக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயில் கேட்டேன்.

அவள் இன்று ஒரு கம்பளியை வேலியில் வெயிலுக்குப் போட்டாள். கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. எனக்குத் தெரியாதா அந்தக் கம்பளியை. தோட்டத்தில் மாமனாருக்குக் கொடுத்தது. கண்டியை விட்டுக் கப்பலேறும்போது இரண்டு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். தலைமன்னாரில் மூட்டை கட்டும்போது அவள் மூட்டைக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்த மலைக்கு வந்த முதல் மார்கழி. அப்போது இன்னும் வீடு கட்டித் தரவில்லை, தகரக் கொட்டகைதான். என் செல்விக்கு எட்டு மாசம். "ஒரு ராத்திரிக்குக் குடு" என்று கேட்டேன். "பையனுக்குச் சளி அக்கா, நாளைக்குத் தர்றேன்" என்றாள். செல்விக்கு நாளைக்கு இல்லை. குளிரில் போய்விட்டது குழந்தை. கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

சிட்டு இரண்டு.

மார்கழி 9, திங்கள்

மேகலாவும் குழந்தையும் ஜீப்பில் வந்தார்கள். ஆரத்தி எடுத்தது கேட்டது. குழந்தையைத் துண்டு போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போனாள் தெய்வானை, குறிப்பாக நான் நிற்கிற பக்கம் மூடி.

சாயங்காலம் ஏணி வைத்து ஏறி, சுவர் ஓட்டைக்குள் சாக்கைத் திணித்தாள். எழுபது வயசுக்கு மேல் ஏணி. பிறகு ஜன்னல் சந்துக்கெல்லாம் துணி. பச்சை உடம்புக்குக் காற்றுப் படக் கூடாதாம். அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அப்புறம் வேலிப் பக்கம் வந்து, என்னைப் பார்க்காமல் பேரி மரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பூனைய வச்சிருக்கறவங்க கட்டி வச்சுக்கணும். பச்சப்புள்ள இருக்கிற வீடு. உள்ள வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"மரத்துக்குக் காது கேக்காது" என்று நானும் மரத்திடமே சொன்னேன்.

மார்கழி 10, செவ்வாய்

சிட்டு பதினான்கு!

எண்ணினது சரிதான், மூன்று தடவை எண்ணினேன். என் கூரை ஓரத்தில் இடம் தேடி ஒன்றையொன்று கொத்திக்கொண்டு கிடக்கின்றன. அவள் வீட்டை இழந்து என்னிடம் வந்திருக்கின்றன. குடியிருந்ததுகளை இந்தக் குளிரில் விரட்டுகிறவள் எதையும் செய்வாள்.

குழந்தை விடியற்காலை ஐந்துக்கு அழுகிறது. நல்ல தொண்டை.

மார்கழி 13, வெள்ளி

கடுமையான உறைபனி. சிட்டு பதினாறு. மற்றதை எண்ணவில்லை, மனசு சரியில்லை.

துரை ராத்திரி என்னிடம் படுக்கவில்லை. காலையில் வேலிக்குக் கீழே நுழைந்து வந்தான். நாலடி வைத்தான், பக்கவாட்டில் விழுந்தான். எழுந்தான், சுவரில் முட்டினான். கள் குடித்தவன் மாதிரி. பால் வைத்தேன், முகரக்கூட இல்லை. பேரி மரத்தடி வெயிலில் போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் தலையைத் தூக்கினான்.

சும்மா இருக்க மாட்டேன் என்று அவள் சொன்னது திங்கட்கிழமை. இன்று வெள்ளி.

மார்கழி 14, சனி

துரை தேறிவிட்டான். அவன் வாயை மோந்து பார்த்தேன். எலி மருந்து வாசம் இல்லை. கருவாட்டு வாசமும் இல்லை. உடம்பெல்லாம் பிள்ளை மருந்து வாசமும் கொஞ்சம் கரி வாசமும். ஆக, உள்ளே போயிருக்கிறான். உள்ளே கூப்பிட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள். வாசமே இல்லாத எதையோ.

சிட்டு பதினைந்து. ஒன்று குறைகிறது. அதற்கும் நான் காரணம் தேட வேண்டும்.

மார்கழி 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். வேலியில் நின்று.

"ஏய் தெய்வானை! என் பூனைக்கு என்னடி வச்ச?"

"உன் பூனைக்கு நான் எதுக்கு வைக்கணும்? வைக்கிறவளா இருந்தா அப்பவே உனக்கு வச்சிருப்பேனே அக்கா."

"வெளிய வந்து மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

"பத்தியக் கொழம்பு அடுப்புல இருக்கு. உன் மூஞ்சியப் பார்த்தா அது பொங்கிரும்."

"விஷம் வச்ச கையால ஆக்கற கொழம்பத்தான் புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறியா?"

"உன் கண்ணு ஒண்ணே போதும், விஷம் எதுக்கு? தகரத்தையே துளைச்சுக்கிட்டு வருது."

குழந்தை அழ ஆரம்பித்தது. இரண்டு பேரும் உடனே நிறுத்திக்கொண்டோம்.

மார்கழி 17, செவ்வாய்

இரண்டு நாளாக மழை மூட்டம். பனி இல்லை, அவ்வளவு குளிரும் இல்லை. துரை அவள் வீட்டுக்குள்தான் படுத்துவிட்டு வருகிறான், ஆனால் நேராக நடந்து வருகிறான். மழை நாளில் விஷம் வைக்க மாட்டாளோ? இதில் ஏதோ சூது இருக்கிறது.

கொண்டைக்குருவி ஒன்பது. சிட்டு பதினைந்து, நனைந்துபோய்.

மார்கழி 19, வியாழன்

வானம் விட்டது, திரும்பவும் உறைபனி. வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு. துரை திரும்பவும் விழுந்து விழுந்து வந்தான்.

அங்கே மேகலாவும் வாந்தி எடுத்தது கேட்டது. "தலை வெடிக்குது அம்மாச்சி" என்றாள். "பச்ச உடம்பு அப்படித்தான்டி இருக்கும், படு" என்று தெய்வானை. சொந்தப் பேத்திக்குமா வைப்பாள்? வைக்க மாட்டாள். அவள் கெட்டவள்தான், அவ்வளவு கெட்டவள் இல்லை. அப்படியானால் குழம்பில் எதுவோ தப்பு. சமையல் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

மார்கழி 20, வெள்ளி

துரையைக் கட்டிலில் கயிறு போட்டுக் கட்டினேன். காளி மாதிரி கத்தினான். கையில் ஐந்து கீறல். விடிவதற்குள் கயிற்றைக் கடித்துவிட்டுப் போயே விட்டான். அங்கே என்னதான் இருக்கிறது இவனுக்கு?

பறவை எழுதவில்லை. கை எரிகிறது.

மார்கழி 21, சனி

தெய்வானை ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து மேகலா வெயிலுக்கு வாசலில் வந்து உட்கார்ந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். குழந்தை உள்ளே.

"பெரியம்மாச்சி, உங்க பூனை எங்கிட்டதான் வருது. அம்மாச்சி முன் ரூம்ல தூங்கினதும் நான்தான் கதவத் திறந்து விடறேன். சொல்லிராதீங்க."

"என்ன தின்னக் குடுக்கறே?"

"ஒண்ணும் குடுக்கல. அதுக்குக் கதகதப்புதான் வேணும். கட்டிலுக்குக் கீழ கரிச்சட்டிப் பக்கத்துல சுருண்டுக்குது. நல்லா குளிர்ற அன்னைக்கு அம்மாச்சி சட்டி நெறைய கரி போட்டு வச்சிருவாங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துரை அடுப்படியில் கிடந்தான், காலையில் தள்ளாடி வந்தவன். மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தேன். ஈறும் நாக்கும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. வெற்றிலை போட்ட மாதிரி. சீக்கு வந்த உடம்பு வெளுக்கத்தானே செய்யும்? இந்தச் சிவப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

எங்கே என்று எழுத வேண்டாம்.

அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். நாளைக்குச் சொல்லலாம்.

மார்கழி 22, ஞாயிறு

காலை ஆறரை. இவ்வளவு வெள்ளையாகப் புல்லை இந்த வருஷம் பார்க்கவில்லை. சிட்டு பதினேழு. துரை வரவில்லை. ஐந்து மணி அழுகை இன்றைக்குக் கேட்கவில்லை.

நாளைக்கு என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

மார்கழி 23, திங்கள்

நேற்று நோட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கொல்லையில் மாட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன். அந்த வாசல்படியில் நான் கால் வைத்ததில்லை. அவள் புருஷன் செத்த அன்றைக்குக்கூடத் தெருவில்தான் நின்றேன்.

தெய்வானை அடுப்படியில் இருந்தாள். "என்னக்கா, காலங்காத்தால கத்தியும் கையுமா?"

"உள் ரூம் கதவத் திற."

"ரெண்டும் அசந்து தூங்குது. பத்து நாளா இல்லாத தூக்கம். இப்பப் போய்..."

"அது தூக்கமில்லடி."

கதவை மறித்துக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "புள்ளையப் பார்க்கணுமா உனக்கு? கண்ணு வைக்கணுமா? உன் புள்ள போச்சுன்னு எம்புள்ளைக்கு வந்து நிக்கறியா?" என்றாள். இதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அப்போது நேரமில்லை. வெளியே ஓடி, கத்தியைத் திருப்பிப் பிடித்து ஜன்னல் கண்ணாடியை அடித்தேன். இரண்டாவது அடியில் உடைந்தது. துணியைப் பிடுங்கினேன். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் பட்டது. வெதுவெதுவென்று, கரி வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியும்.

கண்ணாடி சத்தத்தில் தெய்வானையே கதவைத் திறந்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் திறந்தாள். "மேகலா, மேகலா" என்று உலுக்கியவள் அப்புறம் திட்டவில்லை. நான் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினேன். துணி பொம்மை மாதிரி தலை சரிந்தது. உதடு சிவப்பு. வாசலைத் தாண்டி, புல்லில், அந்தப் பனியில், வெறுங்காலோடு நின்றேன். முதுகில் தட்டினேன். உள்ளங்காலைச் சுண்டினேன். "அழுடி, அழுடி" என்றேன். நான் அதோடு வேறொரு பேரையும் சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகமில்லாதது அது ஒன்றுதான்.

அழுதது. நல்ல தொண்டை என்று எழுதியிருந்தேனே.

பக்கத்து வீட்டார் மேகலாவைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்கள். வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூச்சுக்கு முகமூடி வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். இரண்டு நாள் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள மேகலாவின் புருஷன் ராத்திரி பஸ்ஸில் வந்துவிட்டான்.

துரை கட்டிலுக்குக் கீழே இருந்தான். அவனை யாரும் வெளியே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பேரி மரத்தடியில் குழி வெட்டினேன். தரை பனியில் இறுகிக் கிடந்தது. தெய்வானை வேலியைச் சுற்றி வந்தாள். கையில் அந்தக் கம்பளி.

"இதுல சுத்து" என்றாள்.

"பூனைக்கா?"

"வேற யாருக்குக் குடுக்கறது இனிமே? அன்னைக்கு நான் இதக் குடுத்திருந்தா உன் செல்வி—"

"கம்பளியால இல்ல" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். அவளிடம் சொன்னதை இதோ, எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரர் இல்லாத அந்த ராத்திரி கொட்டகையின் சந்தெல்லாம் நான் சாக்கு அடைத்தேன். கரிச்சட்டி வைத்தேன். செல்வியைச் சட்டிப் பக்கம் போட்டு, காற்று வரக் கூடாதென்று நான் கதவுச் சந்தை உடம்பால் மறைத்துப் படுத்தேன். கதவுச் சந்து எனக்கு மட்டும் கொஞ்சம் காற்று விட்டிருக்கிறது. காலையில் பிள்ளை சிவப்பாக, அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் சொன்னது இதுதான்: "குளிர் இல்லம்மா. கரிப்புகை. ஒரு ஜன்னலத் திறந்து வச்சிருக்கணும்." யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் காலில் விழுந்தேன். அவர் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவர் மேல் கோபம்.

தெய்வானை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஓட்டைய நான் அடைச்சிருக்க மாட்டேனே அக்கா."

"நாமதான் பேசறதில்லையே."

"நீதான் பேசல. நான் எத்தனை தடவை வேலிக்கு வந்தேன். புள்ளையக் கொன்ன பாவின்னு காலனி பூரா சொன்ன. என் மகன் கல்யாணத்துல சொன்ன. என் புருசன் சாவுல தெருவுல நின்னு சொன்ன. நானும் நம்பிட்டேன். இந்தக் கம்பளிய ஒரு நாள்கூடப் போத்தினதில்ல. வருசா வருசம் வெயில்ல போட்டு எடுத்து வச்சேன்."

கம்பளியில் துரையைச் சுற்றி வைத்தேன். அவளும் இரண்டு கை மண் போட்டாள். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல் போனாள். பேரி மரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்கழி 26, வியாழன்

மேகலாவும் குழந்தையும் நேற்றே திரும்பி வந்துவிட்டார்கள். கரிச்சட்டி வெளியே கவிழ்ந்து கிடக்கிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் போடவில்லை.

தெய்வானை இன்றைக்கு ஏணி வைத்து ஏறினாள். நான் போய் ஏணியைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசவும் இல்லை. சாக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள், என் தலை மேல். தெரிந்துதான் போட்டாள்.

சிட்டு பதினாறு.

தை 1, திங்கள்

ஷர்மிளா நோட்டை வாங்கிப்போக வருகிறாள். நடுவில் இருக்கிற பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. படிக்கட்டும்.

காலையில் மேகலா பொங்கல் கொண்டுவந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "அம்மாச்சிதான் குடுக்கச் சொன்னாங்க. அவங்க வரலையாம்" என்றாள். பொங்கலில் உப்பு ஒரு கல் கூட. வேண்டுமென்றே போட்டாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படியே இருந்தாலும் சாப்பிடுவேன்.

இத்தனை நாள் கோபம் என் பக்கம் இருந்தது. இப்போது அவள் பக்கம் போயிருக்கிறது, நியாயமாக. நாற்பத்தொன்பது வருஷம் அவளும் வைத்திருக்கலாம். எங்கள் இரண்டு பேர் வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். நான் தினமும் வேலிக்குப் போய் நிற்கிறேன்.

கொண்டைக்குருவி ஏழு. மைனா நான்கு. வாலாட்டி, பூனை இல்லாத தைரியத்தில், வாசல்படி வரைக்கும்.

சிட்டு: என் பக்கம் ஒன்றும் இல்லை. அவள் வீட்டு ஓட்டையில் பதினேழு.